எர்த் சரியில்லன்னா எந்த ஆம்ப்பும் அழும்

கால் டாக்ஸியில ஏறி, போனை சார்ஜ்ல போட்டு, அதே போனை ஆக்ஸ் கேபிள்லயும் சொருகி பாட்டு கேட்டிருக்கீங்களா? பாட்டுக்குப் பின்னாடி கொசு மாதிரி ‘ஙொய்ய்ங்’னு ஒரு சத்தம் வரும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா கொசுவும் சேர்ந்து கத்தும். சார்ஜரைப் பிடுங்கினா அடுத்த நொடியே அமைதி.

கார் ஆடியோவோட பாதிப் பாடம் இதுக்குள்ளேயே இருக்கு. மீதிப் பாதியை நம்மள்ல பல பேர் காசைக் கொட்டித்தான் கத்துக்கறோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆம்ப்ளிஃபயர் போட்ட கார்ல இரைச்சல் வந்தா, ஃபில்டர் வாங்குறது கடைசி வேலை. முதல் வேலை, எர்த் அடிச்ச இடத்தைக் கழற்றிப் பார்க்கறது. நடைமுறையில இது தலைகீழா இருக்கு.

எங்க மாமா கார்ல நடந்ததும் அதுதான். டிக்கியில ஆம்ப், சப்வூஃபர் ஏத்தின மறுநாளே இரைச்சல். கடையில கேட்டா, “நாய்ஸ் ஃபில்டர் ஒண்ணு போட்டுக்கோங்க தம்பி, சரியாயிடும்”னாங்க. போட்டோம். சத்தம் குறைஞ்சது, கூடவே பேஸும் குறைஞ்சது. சப்வூஃபர் வாங்கினதே பேஸுக்குத்தானே! ஒரு ஞாயித்துக்கிழமை டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். எர்த் வயரோட லக்கை பெயிண்ட் மேலேயே வச்சு, ஒரு சின்ன ஸ்க்ரூவால முடுக்கியிருந்தாங்க. அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வெறும் இரும்பு பளிச்சுன்னு தெரிஞ்சதும் நட்டு போல்ட்டு போட்டு இறுக்கினோம். ஃபில்டரைக் கழற்றிட்டோம். இரைச்சல் போயே போச்சு. மொத்தச் செலவு ஒரு உப்புத்தாள், ஒரு போல்ட்டு.

இதுல கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் சர்க்யூட் தியரி படிச்ச நானும் அந்த ஃபில்டருக்குத் தலையாட்டினவன்தான். ஏன்னா நாம கிரவுண்டைப் படிச்ச விதம் அப்படி. மூணு கோடு, கீழே போகப்போகச் சின்னதாகும். சர்க்யூட்ல எத்தனை இடத்துல அதைப் போட்டாலும் எல்லாமே ஒரே புள்ளி, எல்லாமே ஜீரோ வோல்ட். பரீட்சைக்கு அது போதும். கார்ல அப்படி ஒரு புள்ளி கிடையாது. அங்கே பாடிதான் நெகட்டிவ் வயர். வயர்னா மின்தடை இருக்கும், கரண்ட் ஓடினா வோல்டேஜ் இறங்கும்.

ஒரு கணக்கு போடுவோம். 400 வாட் கொடுக்கற கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீத எஃபிஷியன்சின்னு வச்சுக்கோங்க. முழுச் சத்தத்துல அது 500 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்ல அது சுமார் 36 ஆம்பியர். பெயிண்ட் மேல முடுக்கின எர்த்துல வெறும் 20 மில்லி ஓம் இருந்தாலே 0.7 வோல்ட் அங்கே விழுந்துடும். அதாவது ஆம்ப்போட ‘ஜீரோ’வும் டேஷ்போர்டுல இருக்கற ஹெட் யூனிட்டோட ‘ஜீரோ’வும் ஒண்ணு இல்ல. இந்த ரெண்டு ஜீரோவையும் ஆர்சிஏ கேபிளோட வெளிப் பின்னல் இணைக்குது. பாடி வழியா ஒரு பாதை, கேபிள் வழியா இன்னொரு பாதை, ஆக ஒரு வளையம். இதுதான் கிரவுண்ட் லூப். கேபிள் பின்னல்ல ஓடற திருட்டு கரண்ட்டால வர்ற வோல்டேஜ் சிக்னலோட சேர்ந்துக்கும். ஆம்ப்புக்கு எது பாட்டு, எது குப்பைன்னு தெரியாது. ரெண்டையும் பெருக்கிக் கொடுத்துடும். டாக்ஸியில சார்ஜர் பண்ற வேலையும் இதேதான்.

அந்தக் குப்பை ஏன் ஆக்ஸிலேட்டரோட சேர்ந்து ஏறுது? ஆல்டர்னேட்டர் மூணு ஃபேஸ் ஏசி தயாரிச்சு, டையோடுகள் வழியா டிசி ஆக்குது. அந்த டிசி சமமா இருக்காது, மேல சின்னச் சின்ன அலை இருக்கும். 12 துருவ ஆல்டர்னேட்டர் என்ஜினைப் போல 3 மடங்கு வேகத்துல சுத்துதுன்னா, ஐட்லிங்ல, அதாவது 800 ஆர்பிஎம்ல, அந்த அலை 1,440 ஹெர்ட்ஸ். 2,400 ஆர்பிஎம்ல 4,320 ஹெர்ட்ஸ். நம்ம காது நல்லா கேட்கற ரேஞ்ச்லயே வந்து உட்காருது.

கடையில ‘நாய்ஸ் ஃபில்டர்’னு ஆர்சிஏ கேபிளுக்கு நடுவுல மாட்டுறது பெரும்பாலும் ஒரு சின்ன 1:1 டிரான்ஸ்ஃபார்மர்தான். வளையத்தை வெட்டுது, உண்மை. ஆனா அந்தக் குட்டி கோர் குறைஞ்ச அதிர்வெண்ல திணறும், அதான் பேஸ் போகுது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக் கிருமியை உள்ளேயே விட்ட கதை.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கறது? முதல்ல ஆம்ப்பை ஆஃப் பண்ணி ஆர்சிஏவைக் கழற்றுங்க. திரும்ப ஆன் பண்ணினதும் சத்தம் நின்னுடுச்சுன்னா, ஆம்ப் நல்லாத்தான் இருக்கு, ஆர்சிஏ வழியாத்தான் வருது. அடுத்து, சார்ஜ்ல போடாத ஒரு போனை நேரா ஆம்ப்புல கனெக்ட் பண்ணுங்க. பாட்டு சுத்தமா கேட்டா, அந்த வளையம்தான் குற்றவாளி. அப்புறம் மல்டிமீட்டர். ஓம்ஸ்ல வச்சு எர்த்தை அளக்காதீங்க, புரோப் வயரோட சொந்த மின்தடையே மில்லி ஓம் கணக்கை முழுங்கிடும். டிசி வோல்ட்ல வச்சு, என்ஜின் ஓட, பாட்டும் சத்தமா ஓட, ஆம்ப்போட எர்த் டெர்மினலுக்கும் பக்கத்துல பெயிண்ட் இல்லாத பாடிக்கும் நடுவுல அளங்க. 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க. வயர் குட்டையா, பாசிட்டிவ் வயர் அளவுக்கே தடிமனா இருக்கணும். சீட் பெல்ட் போல்ட்டு மட்டும் வேண்டாம். அது உயிரைப் பிடிச்சுக்கற போல்ட்டு.

“பவர் வயரையும் ஆர்சிஏவையும் தனித்தனிப் பக்கமா இழுத்தா போதும்”னு சிலர் சொல்வாங்க. இழுக்கறது நல்லதுதான், நானும் இழுப்பேன். ஆனா எர்த் பெயிண்ட் மேல உட்கார்ந்திருக்கும்போது கேபிளை எந்தப் பக்கம் இழுத்தாலும் கொசு போகாது. “கெயினை முழுசாத் திருப்பினா சத்தம் கூடும்”னு சொல்றதும் அதே மாதிரிதான். கெயின் வால்யூம் இல்ல. ஹெட் யூனிட் கொடுக்கற சிக்னலோட பொருத்தற திருகு. அதைக் கூட்டினா இரைச்சலும் கூடும்.

இரைச்சல் வெறும் எரிச்சல்தான், ஃபியூஸ் அப்படி இல்ல. பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் போற வயர் வழியில எங்கேயாவது தோல் உரிஞ்சு பாடியைத் தொட்டா, பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதுல கொட்டும். ஆம்ப்புக்குள்ள இருக்கற ஃபியூஸால அதைத் தடுக்க முடியாது, அது வயரோட மறுமுனையில இருக்கு. அதனாலதான் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது காப்பாத்தறது வயரை, ஆம்ப்பை இல்ல. என்ஜின் பக்கத் தகடைத் தாண்டற ஓட்டையில ரப்பர் குரோமெட் இருக்கான்னும் பாருங்க. மலிவு கிட்ல வர்ற வயரோட ஒரு இழையைப் பிளேடால சுரண்டுங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். அதே தடிமன்ல மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. எந்த வயர்ல கை வைக்கறதுக்கு முன்னாடியும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிடுங்க.

இவ்வளவும் செஞ்ச பிறகும் சத்தம் இருந்தா, ஃபில்டர் வாங்குங்க, தப்பில்ல. ஆனா அதுக்கு முன்னாடி கடையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “அண்ணா, எர்த் எங்க அடிச்சிருக்கீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்?” பதில் வராம முழிச்சாங்கன்னா, உப்புத்தாள் எடுத்துட்டு நீங்களே டிக்கியைத் திறந்துடுங்க.