வேலையற்ற தொழிலாளியும் கல்லூரிச் சான்றிதழும்

தொழிற்சாலை ஒன்று கதவடைத்தால், அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அரசியலார் உடனே சொல்லும் ஆறுதல், “புதுத் தொழில் கற்றுக்கொள்ளுங்கள்” என்பதே. இவ்வுபதேசம் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் கற்ற பின்பு வேலை எங்கே என்று தொழிலாளி கேட்கும்போது, உபதேசித்தவர்களில் பலர் வாய் திறப்பதில்லை. இவ்விஷயத்தில் நெடுங்கால அனுபவம் பெற்ற நாடு அமெரிக்கா. அந்த அனுபவத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது பொதுஜன ஊழியர் அனைவருக்கும் பயன் தருமென்று நம்புகிறோம்.

அந்நாட்டில் சமுதாயக் கல்லூரிகள் எனப்படுபவை, இரண்டு வருஷப் படிப்பையும் தொழிற் பயிற்சியையும் குறைந்த சம்பளத்தில் அளிக்கும் ஸ்தாபனங்கள். அவற்றுள் பழமையான ஜோலியட் கல்லூரி, இல்லினாய் மாகாணத்தில் 1901-இல் தோன்றியது. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், நாடெங்கும் இத்தகைய கல்லூரிகள் பெருக வேண்டுமென்று 1947-இல் சிபார்சு செய்தது. அயல்நாட்டுச் சரக்கின் போட்டியால் வேலையிழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித் தொகையும் அளிக்கும் திட்டம் 1962-இல் தொடங்கிற்று. 2011 முதல் 2014 வரையில், இக்கல்லூரிகளின் தொழிற் பயிற்சிக்கென்றே மத்திய சர்க்கார் ஏறக்குறைய 190 கோடி டாலர் வழங்கினார்கள். ஆகவே, முயற்சி செய்யவில்லை என்று அவர்கள் மீது குற்றஞ் சாட்ட இடமில்லை. பலன் என்ன என்பதே கேள்வி.

முதற் சாட்சி, விஸ்கான்ஸின் மாகாணத்து ஜேன்ஸ்வில் நகரம். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி 2008 டிசம்பர் 23-ந் தேதி வெளிவந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு வாயில் அடைபட்டது. தலைமுறை தலைமுறையாக மோட்டார் வண்டி செய்து பழகிய கைகள், அருகிலிருந்த பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியில் புத்தகம் ஏந்தின. கம்ப்யூட்டரை இயக்கவே அறியாதவர் அவர்களில் பலர். அவர்கள் பட்ட பாட்டை ஏமி கோல்ட்ஸ்டைன் என்னும் பத்திரிகையாளர் 2017-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட முடிவு திடுக்கிடச் செய்வது: கல்லூரிக்குச் சென்று மறுபயிற்சி பெற்றவர்களைவிட, செல்லாதவர்களிலேயே அதிகம் பேர் வேலையில் இருந்தனர், அவர்களுடைய வருமானமும் அதிகம்.

அப்படியாயின் பயிற்சி வீண் என்று தீர்ப்புச் சொல்லலாமா? ஒரு பக்கத்துச் சாட்சியைக் கொண்டு வழக்கை முடிப்பது நியாயமாகாது. 1990-களில் வாஷிங்டன் மாகாணத்தில் வேலையிழந்து சமுதாயக் கல்லூரி சேர்ந்தவர்களை ஆராய்ந்து, ஜேகப்சன், லலோண்ட், ஸல்லிவன் என்ற மூன்று பொருளாதார நிபுணர் 2005-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு வருஷப் படிப்பு, ஆண்களின் நீண்டகால வருமானத்தைச் சுமார் 100-க்கு 9 வீதமும், பெண்களின் வருமானத்தை 13 வீதமும் உயர்த்தியது. தொழில்நுட்பம், கணிதம், விஞ்ஞானம் பயின்றவர்களுக்கோ அவ்வுயர்வு ஆண்களிடம் 14, பெண்களிடம் 29 வீதம். தொழில்நுட்பம் சாராத பாடங்களைப் பயின்றவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம்.

இவ்விரு சாட்சியமும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. எதைக் கற்பித்தார்கள், கற்றவனை ஏற்க ஊரில் தொழில் இருந்ததா என்ற இரண்டையும் சேர்த்து நோக்கினால் உண்மை விளங்கும். ஜேன்ஸ்வில் வாசிகள் கல்லூரியில் அமர்ந்த காலம் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். நூறு வேலைகளே உள்ள ஊரில் ஆயிரம் சான்றிதழ்களை அச்சிட்டால் வேலை ஆயிரமாகிவிடாது. படிக்கச் செல்லாதவன் அகப்பட்ட வேலையை முதலில் பற்றிக்கொண்டான். படித்து வந்தவன் வரிசையின் கடைசியில் நின்றான். பயிற்சி வேலைக்கு வழிகாட்டும், வேலையைப் படைக்காது. இப்பேதத்தை மறைப்பவர்கள், முதலாளியும் சர்க்காரும் தீர்க்க வேண்டிய கடனைத் தொழிலாளியின் தலையில் ஏற்றி, “நீ கற்காததே குற்றம்” என்று அவனையே பழிக்கின்றனர். பிழைப்பிழந்தவனுக்கு இதனினும் பெரிய அவமானம் வேறில்லை.

1962-இல் தொடங்கிய திட்டம் 2022 ஜூலை 1-ந் தேதி காலாவதியாகி, புதிய மனுக்களுக்கு இடமில்லாமற் போயிற்று. படிக்குங் காலத்தில் குடும்பத்துக்குக் கஞ்சி வார்த்த ஏற்பாடு அது. பின்பு 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டமொன்று, 8 வாரத்துக்குக் குறையாமலும் 15 வாரத்தை எட்டாமலும் நடக்கும் பயிற்சிகளுக்கு, ஏழை மாணவருக்குரிய பெல் உபகாரச் சம்பளத்தை 2026 ஜூலை 1 முதல் அளிக்குமாறு விதித்தது. சேர்ந்தவரில் 100-க்கு 70 பேர் படிப்பை முடிக்க வேண்டும், முடித்தவரில் 70 பேர் வேலையில் அமர வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. இந்நிபந்தனையை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், ஒரு வருஷத் தொழில்நுட்பப் படிப்பு தந்த பலனைச் சில வாரப் படிப்பும் தருமென்று எதிர்பார்ப்பது பேராசை.

நம் அபிப்பிராயம் இதுவே. பயிற்சியின் காலத்தைத் தொழிலின் தேவை நிர்ணயிக்க வேண்டும், கஜானாவின் சௌகரியம் அல்ல. படிப்பவனுடைய அடுப்பு அணையாதிருக்க உதவித் தொகை வேண்டும். வகுப்பு தொடங்குமுன்பே, முடிப்பவர்களை ஏற்பதாகத் தொழிலதிபர்கள் எழுத்து மூலம் ஒப்ப வேண்டும்.

இது அயல்நாட்டுச் சங்கதி என்று நம்மவர் ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்க மாதிரியைக் கண்டே புதுச்சேரியில் 1995-இலும் சென்னையில் 1996-இலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று எந்த மந்திரி பறையறைந்தாலும், தேச ஊழியர்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், என்ன கூலிக்கு? அதற்கு விடை கிடைக்கும் வரை கைதட்ட வேண்டாம்.