பிடி பிடி: மாத்திரையோடு உணவும் வேண்டும்

உகாண்டாவின் வடமேற்கில், யும்பே மாவட்டத்தில் இருக்கிறது பிடி பிடி அகதிகள் குடியிருப்பு. தெற்கு சூடான் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்களுக்காக 2016 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பரந்த நிலப்பரப்பு, 2 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அடைக்கலம் தந்த இடம். மலேரியா அங்கே ஆண்டு முழுவதும் உண்டு.

வைத்தியம் இல்லாத நோயல்ல இது. குழந்தையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால், நோய் இருந்தால் கால் மணி நேரத்தில் பரிசோதனைப் பட்டையில் கோடு தெரிந்துவிடும். பயிற்சி பெற்ற கிராம சுகாதாரத் தொண்டரே இதைச் செய்யலாம். பிறகு 3 நாள், தினம் இரு வேளை ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை. கொழுப்புச் சத்துள்ள உணவோடு கொடுத்தால்தான் அது உடலில் சரியாகச் சேரும். நெஞ்சு பதறுவது இங்கேதான். நிதி பற்றாக்குறையால் உலக உணவுத் திட்டம் 2025 மே மாதம் உகாண்டாவில் சுமார் 10 லட்சம் அகதிகளுக்கு உணவு உதவியை நிறுத்தியது. பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு எதோடு மாத்திரை கொடுப்பாள் தாய்?

அதே ஆண்டு அமெரிக்காவும் வெளிநாட்டு உதவியை வெட்டியதால், மருந்துக்கும் தட்டுப்பாடு வரும் அபாயம் உண்டு. மலேரியாவிலோ தாமதம் கூடாது. ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியாவுக்கு 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருந்தையும் உணவுப் பங்கீட்டையும் தனித்தனிக் கணக்காகப் பார்ப்பது பெருந்தவறு. நிறுத்திய உணவு உதவியை நன்கொடை நாடுகள் உடனே மீட்டுத் தர வேண்டும். பரிசோதனைப் பட்டையும் மாத்திரையும் தொண்டர்கள் கையில் ஒருநாளும் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.