முதுகில் ஒரு கைப்பிடி

விழுந்த குழந்தை உடனே அழுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒன்றரை வயதுப் பேரன் பாய் தடுக்கிக் குப்புற விழுந்தான். தலையைத் தூக்கி முதலில் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் பாட்டியின் முகத்தை. நான் பதறியிருப்பேன் போலிருக்கிறது, வீறிட்டான். பாட்டி ஓடிவந்து தரையை ரெண்டு அடி அடித்து, "அடிச்சாச்சுடா கண்ணா, இனிமே உன்னைத் தள்ளாது" என்று தூக்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "விழுந்ததுக்கு அழலை, உங்க மூஞ்சியைப் பார்த்து அழுதான்" என்றாள்.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் பஸ்டர் கீட்டனின் பழைய மௌனப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்தும் ரயிலிலிருந்தும் விழுகிறார். நாமும் குழந்தை மாதிரி அவர் முகத்தைத்தான் பார்க்கிறோம், வலித்ததா இல்லையா என்று. அங்கே பதில் இல்லை. எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார். நாம் சிரித்துவிடுகிறோம். அந்த முகத்தை அவர் எங்கே பழகினார் என்று தேடிப்போனால், கதை சினிமாவுக்கு வெகு முன்னால் தொடங்குகிறது.

1895 அக்டோபர் 4 அன்று கான்சஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்த பஸ்டரின் இயற்பெயர் ஜோசப் ஃபிராங்க் கீட்டன். அது அவர்களுடைய சொந்த ஊர் அல்ல. அப்பா ஜோவும் அம்மா மைராவும் ஊர் ஊராகப் போய் ஆடிப்பாடிக் கூட்டம் சேர்த்து மருந்து விற்கும் குழுவில் இருந்தார்கள். பிரசவ நேரத்தில் குழு அங்கே இருந்தது, அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். சினிமாவுக்கும் இவருக்கும் ஒரே வயசு. ஆனால் இருவரும் சந்தித்துக்கொள்ள இருபத்தொரு வருடம் ஆயிற்று.

மருந்துக் கூட்டத்திலிருந்து கீட்டன் குடும்பம் வாட்வில் மேடைக்கு ஏறியது. பாட்டு, வித்தை, நகைச்சுவை, நாய் சாகசம் என்று துண்டு துண்டாக நிகழ்ச்சிகள் கோத்த அமெரிக்கக் கதம்ப மேடை அது. நாலைந்து வயதில் பையனும் சேர்ந்துகொள்ள, 'மூன்று கீட்டன்கள்' என்று பெயராயிற்று. கதை ரொம்ப எளிமை. அப்பா பிள்ளைக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்கப் பார்ப்பார். பிள்ளை அடங்க மாட்டான். அப்பா அவனைத் தூக்கி எறிவார். நிஜமாகவே எறிவார். திரைச்சீலை மீது, பக்கவாட்டுத் தட்டிகள் மீது, மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள். எறிவதற்குத் தோதாகப் பையனின் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். சேதப்படுத்த முடியாத பையன் என்று விளம்பரமும் செய்தார்கள்.

அந்தக் கைப்பிடியிடம்தான் என் நினைப்பு திரும்பத் திரும்பப் போகிறது. அதைத் தைக்க யாரோ ஊசியில் நூல் கோத்திருப்பார்கள். எறிகிற வேகத்தில் பிய்ந்துவிடாமல் இருக்க இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். அதைப் பாசம் என்பதா, தொழில் என்பதா?

சிறுவர் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. அன்றைய நியூயார்க்கில் அது செல்வாக்கான அமைப்பு. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மேடையில் கரணம் போடுவதும் கம்பி மேல் நடப்பதும் அப்போது அங்கே சட்டவிரோதம். பையனின் சட்டையைக் கழற்றிக் காயம் தேடியிருக்கிறார்கள்; ஒன்றும் அகப்படவில்லை என்று கீட்டன் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்வார். ஆனாலும் 1907 வாக்கில் குடும்பத்துக்கு நியூயார்க் மேடை இரண்டு வருடம் மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் போனேன் என்பதும் அவர் சொன்ன கதை.

காயம் ஏன் இல்லை என்பதற்கு அவர் தந்த விளக்கம் தச்சர் உளி பிடிக்கும் விதத்தைச் சொல்வதுபோல் இருக்கும். உடம்பை விறைக்காமல் தளரவிட வேண்டும். ஒரு கையையோ காலையோ முன்னே கொடுத்து விழுகிற வேகத்தை உடைக்க வேண்டும். பால்பல் விழும் முன்பே கைவந்த வித்தை. அத்தோடு இன்னொன்றையும் மேடை கற்றுக்கொடுத்தது. எறியப்பட்டவன் தானே ரசித்துச் சிரித்தால் கூட்டம் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. திகைத்த முகத்தோடு எழுந்தால் அரங்கம் அதிர்கிறது. பையனின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தால், முகம், முகம் என்று அப்பா மேடையிலேயே முணுமுணுத்து எச்சரிப்பாராம். உலகம் பிற்பாடு 'கல்முகம்' என்று கொண்டாடியது முதலில் ஒரு வீட்டுக் கண்டிப்பு.

எறிபவர் நிதானமாக இருக்கும்வரை இந்த ஆட்டம் ஆட்டம். ஜோவுக்குக் குடி முற்றியது. கண் இமைக்கும் நேரம் பிசகினால் கழுத்து முறியும் தொழிலில், தள்ளாடுகிற கைக்குத் தன்னைக் கொடுக்க எந்த மகனால் முடியும்? 1917 தொடக்கத்தில் தாயும் மகனும் ஜோவை விட்டு விலகினார்கள். குழு கலைந்தது.

மகன் நியூயார்க் வந்தார். ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியில் வாரம் 250 டாலருக்கு இடம் கிடைத்தது. ஒத்திகை தொடங்கும் முன் தெருவில் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பேச்சுவாக்கில் நாற்பத்தெட்டாம் தெருவில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். அங்கே ராஸ்கோ ஆர்பக்கிள் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முந்நூறு பவுண்டுக்காரர், அன்றைய திரைச் சிரிப்பில் சாப்ளினுக்கு அடுத்தபடி பேசப்பட்டவர். 'தி புட்சர் பாய்' படத்தில் ஒரு காட்சி செய்கிறாயா என்றார். செய்தார்.

அந்தக் காட்சியைத்தான் அன்றிரவு மூன்று தடவை பார்த்தேன். கீட்டன் மளிகைக் கடைக்குள் நுழைகிறார். வெல்லப்பாகு வாங்கத் தகர வாளியை நீட்டுகிறார். பாகை ஊற்றிக் கொடுத்த ஆர்பக்கிள் காசு கேட்க, காசு வாளிக்குள் என்கிறார். இவர் பராக்குப் பார்க்கும் நேரத்தில் ஆர்பக்கிள் பாகை இவருடைய தொப்பிக்குள் கவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு, மறுபடி வாளியை நிரப்பித் தருகிறார். தொப்பியைத் தலையில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. இழுபறியில் பாகு தரையில் சிந்துகிறது, கால் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர் ஊற்றிப் பிரித்தெடுத்து, ஓர் உதையில் வாசலுக்கு வெளியே உருட்டிவிடுகிறார்கள். சுற்றிலும் எல்லாரும் கைகால் உதறிக் களேபரம் செய்ய, இந்த ஆள் மட்டும் தன் தொப்பியோடு தீவிரமாக ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார். கண் அவரை விட்டு நகர மறுக்கிறது. இன்னொரு இடத்தில் மாவு மூட்டை முகத்தில் வந்து விழுகிறது. அசங்காமல் வாங்குவது எப்படி என்று கேட்டாராம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிரு, நான் சொல்லும்போது திரும்பு, மூட்டை அங்கே இருக்கும் என்றாராம் ஆர்பக்கிள். இருந்தது, தலை இருந்த இடத்துக்குக் கால் வந்தது.

படம் 1917 ஏப்ரலில் வெளியானது. 'புதுமுகம்' என்று போட்டால் எப்படி இருந்திருக்கும்? இருபத்தொரு வயது, பதினாறு பதினேழு வருட அனுபவம். அந்தப் புதுமுகம் 250 டாலர் மேடையை உதறிவிட்டு வாரம் 40 டாலருக்கு சினிமாவில் சேர்ந்தது. அவரை இழுத்தது புகழ் அல்ல, அந்தப் பெட்டி. கேமராவை இரவல் வாங்கி எடுத்துப்போய்ப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். இயந்திரப் பித்து கடைசிவரை விடவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பப் படங்களில் இந்தக் கல்முகம் சிரிக்கிறது! அதே ஆண்டு வந்த 'கோனி ஐலண்ட்' படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார், அழுகிறார். பார்க்கவே அந்நியமாக இருக்கிறது. ஆர்பக்கிளின் கலகலப்புக்குள் கொஞ்ச காலம் அப்பாவின் கண்டிப்பு தளர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ரசிகரின் மனவயது பன்னிரண்டு என்று நினைத்துப் படம் எடு என்பது ஆர்பக்கிளின் பாடம். சில மாதம் கழித்துச் சீடர் அதை மறுத்தார். அப்படி நினைப்பவர் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார் என்றார்.

1918இல் ராணுவம் அழைத்தது. பிரான்சிலிருந்து காது தொற்றோடும் குறைந்த கேள்வித்திறனோடும் திரும்பினார். 1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அவருக்கென்று தனிப் படக்குழு அமைத்துக் கொடுத்தார். முதலில் எடுத்த 'தி ஹை சைன்' தனக்கே பிடிக்காமல் பெட்டியில் வைத்தார். முதலில் வெளியிட்டது 'ஒன் வீக்'. புதுமணத் தம்பதி, பாகங்களாக வரும் வீடு, பாகங்களின் எண்களை மாற்றிவைத்துவிடும் பழைய போட்டியாளன். கோணல்மாணலாய் எழும்பிய வீடு தண்டவாளத்தில் சிக்கிக்கொள்ள, எதிரே ரயில். தம்பதி கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்ற நொடியில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்குகிறது. 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையை இடிபாட்டில் நட்டுவிட்டு இருவரும் நடக்கிறார்கள்.

தன் பிள்ளைப்பருவத்தை வதை என்று யார் சொன்னாலும் கீட்டன் ஒப்புக்கொண்டதில்லை. விட்டுக்கொடுக்காமல் அப்பாவுக்காகப் பேசினார். எனக்கு முழுசாக நம்பவும் தெரியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. ஆனால் 1920இன் கடைசியில் வந்த 'நெய்பர்ஸ்' படத்தில் பஸ்டரின் அப்பாவாக வருகிறவர் யார் தெரியுமா? ஜோ கீட்டனேதான். பிறகும் மகனின் படங்களில் தொடர்ந்து தலைகாட்டினார். படம் மகனுடையது, அப்பா அதில் நடிக்க வந்தவர். அந்தப் படம் ஓடியபோது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கிழவரின் கை மகன் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் பையனின் முதுகுக்குப் போய்வந்தது.