யார் கழுத்துக்குக் கயிறு?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். சொல் ஏறாத அந்த ஏழை, தூக்குமேடை மட்டும் ஏறுகிறானே, ஏன்? இந்தக் கேள்விக்குக் கணக்கோடு விடை தேடியவர் சட்டப் பேராசிரியர் அனூப் சுரேந்திரநாத்.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, அவர் மாணவர்களைத் திரட்டிச் சிறை சிறையாக அனுப்பினார். மரண தண்டனைக் கைதிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் கண்டு பேசி, 2016-ல் அறிக்கை வெளியிட்டார்கள். கணக்கு என்ன சொல்லிற்று? அக்கைதிகளில் நூற்றுக்கு 74 பேர் வறியவர்கள். 76 பேர் பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி, சிறுபான்மை மக்கள். ஏறத்தாழ 23 பேர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள்!

இவர் ஏட்டுப் படிப்பாளி மட்டுமல்ல. உச்சநீதிமன்றத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் துணைப் பதிவாளராகவும் இருந்தார். 2015 ஜூலை 30-ல் யாகூப் மேமன் தூக்கிலிடப்பட்டதையொட்டி அந்தப் பதவியைத் துறந்தார்.

டெல்லிப் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கும் அலங்காநல்லூர்க் கரும்பு வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பிறந்த சாதியையே குற்றமாக்கிய ரேகைச் சட்டத்தை மதுரைச் சீமை மறந்துவிடவில்லை. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று வெள்ளையன் போலீஸ் சுட்டு 16 பேர் மாண்டார்கள். அந்தச் சட்டம் போயிற்று. ஆனால் ஏழையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் போயிற்றா?

கொலைகாரனை மன்னிக்கச் சொல்கிறோமா? இல்லை. கொல்லப்படுகிறவர்களிலும் நம் மக்கள் உண்டு. குற்றத்துக்குத் தண்டனை வேண்டும். ஆனால் தராசு ஒன்றாக இருக்க வேண்டும். பணமுள்ளவன் பெரிய வக்கீலை வைத்துத் தன் கதை முழுவதையும் கோர்ட்டில் சொல்ல வைக்கிறான். கூலிக்காரன் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. குற்றவாளி எனத் தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறிற்று. குற்றத்தை மட்டுமல்ல, குற்றம் செய்தவனின் நிலைமையையும் பார்க்க வேண்டும், அரிதிலும் அரிதான வழக்கிலேயே தூக்கு என்று 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரண தண்டனை வழக்குகளில் அவன் வளர்ப்பு, குடும்பம், மனநிலை, சிறை நடத்தை பற்றிய விவரங்களை விசாரணைக் கோர்ட்டிலேயே திரட்ட வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் மேலும் அழுத்திச் சொன்னது.

ஏட்டில் இருக்கிறது, ஏழை வீட்டுக்கு வந்ததா? வழக்கு நடக்கும்போது குடும்பத்தைத் தேடிவந்து, அவன் எத்தனை வயதில் வேலைக்குப் போனான், என்ன நோய்ப்பட்டான், யாரைக் காப்பாற்றினான் என்று விசாரிக்க ஆள் வேண்டும். வருமானம் இல்லாதவனுக்கு அரசு வைத்துக்கொடுக்கும் வக்கீலுக்கு நல்ல ஊதியமும், இந்த விவரம் திரட்ட உதவியாளரும், போதிய அவகாசமும் கொடுத்தாக வேண்டும்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். நம் தெருவில் ஒருவன் கொலை வழக்கில் சிக்கினால், அவன் பள்ளிச் சான்று, கூலிச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் சங்கம் திரட்டி வக்கீலின் கையில் கொடுக்கட்டும். பேராசிரியர் சிறையில் தேடிக் கண்டதை, நாம் ஊரிலேயே எழுதி வைப்போம். ஏழை சொல் அம்பலம் ஏறட்டும்!