பொண்ணுங்க மட்டும் மலையேறணுமா? ஆமா, ஏறணும்!

"பொண்ணுங்களுக்கு மட்டும் தனி ட்ரெக்கிங் எதுக்கு?"னு பொங்கும் சகோதரர்களே, பசங்க மட்டும் பைக் எடுத்துட்டு ராத்திரியில பர்வதமலைக்குக் கிளம்பும்போது "ஏன் ஆண்கள் மட்டும்?"னு கேட்டீங்களா?

2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீயைக் காட்டி பயமுறுத்தாதீங்க. தீ ஆண், பெண் பார்த்து எரியல. அது சொன்ன பாடம் முறையான அனுமதி, வழிகாட்டி, தீ எச்சரிக்கை. பெண்களை வீட்டுக்குள்ள பூட்டுறது இல்ல!

அகத்தியர்கூடத்துல பெண்களுக்குத் தடை இருந்துச்சு. கேரள உயர்நீதிமன்றம் வழிவிட்டது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியைத் தொட்டார்.

வந்தவாசியில் நாளெல்லாம் குனிந்து கோரைப்பாய் நெய்யும் அக்காவுக்கும் மலைக்காற்று வேணும். பெண்கள் மட்டும்னாதான் வீட்டுல அனுப்புவாங்களா? அப்போ அதுவே முதல் படி.

அடிவாரத்தில் கழிப்பறை, பெண் வழிகாட்டி, விடியற்காலை பஸ். கேட்போம், வாங்குவோம் தோழர்களே!

#மலைஎல்லோருக்கும்