ஆர்கோஸ் குடும்பத்தின் மூன்று பெண்கள்



இந்த இதழில் என் பக்கம் முழுவதையும் ஒரே ஒரு நடிகைக்குக் கொடுக்கிறேன். கிரேக்க நடிகை ஐரீன் பாப்பாஸ். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் உங்களில் சிலருக்கு அந்த முகம் தெரிந்திருக்கும். 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' படத்தில் நாஜிப் படையை எதிர்த்துப் போராடும் மரியா அவர்தான். 'ஸோர்பா தி கிரீக்'கில் கறுப்புடை அணிந்த விதவையும், 'தி மெஸேஜ்' படத்தில் அபூ சுஃப்யானின் மனைவி ஹிந்தும் அவரே. அடர்ந்த புருவமும் அசையாத பார்வையும் கொண்ட அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

கொரிந்து நகருக்குப் பக்கத்தில் ஹிலியோமோதி என்று ஒரு சிற்றூர். அங்கே ஆசிரியர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இயற்பெயர் இரினி லெலேகு. இளம் வயதில் மணந்துகொண்ட அல்கிஸ் பாப்பாஸுடனான வாழ்க்கை சில ஆண்டுகளிலேயே முறிந்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். ஏதென்ஸில் நாடகப் பள்ளியில் படித்து, ஆடலும் பாடலும் கலந்த மேடை நிகழ்ச்சிகளில் தொடங்கி, 1948இல் சினிமாவுக்கு வந்தார். 1950களின் தொடக்கத்திலேயே இத்தாலி அவரை அழைத்துக்கொண்டது. 'அட்டிலா', 'தியோடோரா' போன்ற பிரம்மாண்டமான சரித்திரப் படங்கள். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் வசனங்களை எல்லாம் பிறகுதான் ஒலிப்பதிவு செய்வார்கள். வெளிநாட்டு நடிகர்களுக்கு வேறொருவர் குரல் கொடுப்பது வழக்கம். குரலை நம்ப முடியாத இடத்தில் முகத்தாலும் நின்ற நிலையாலும் நடிக்க அவர் பழகியது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்து ஹாலிவுட். 1956இல் ஜேம்ஸ் காக்னிக்கு ஜோடியாக 'ட்ரிப்யூட் டு எ பேட் மேன்'. அங்கே அவர் நிலைக்கவில்லை. அந்தப் படத்தைத் தவறவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

'ஸோர்பா' 1964இல் வந்தது. கிரீட் தீவில் எடுத்த படம். அந்த விதவைக்குச் சில சொற்களுக்குமேல் வசனம் இல்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் அவள்மீது ஆசைப்படுகிறார்கள். யாருக்கும் கிடைக்காதவள் என்பதாலேயே வெறுக்கிறார்கள். கடைசியில் ஊரே கூடி அவளைக் கொல்கிறது. கல்லெறிபட்டு வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கும்போது அவர் கெஞ்சுவதில்லை. அந்தப் படத்தை எல்லோரும் அந்தோணி குவின் கடற்கரையில் ஆடும் ஆட்டத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பல நாடுகளில் பல மொழிகளில் நடித்தவர் என்று அவரைச் சுருக்கிச் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பயணங்களுக்கெல்லாம் நடுவில் ஒரே ஒரு குடும்பம் இருக்கிறது. ஆர்கோஸ் நாட்டு அரசன் அகமெம்னனின் குடும்பம். இயக்குநர் மைக்கேல் காக்கோயானிஸ், பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் மூன்று நாடகங்களைப் படமாக்கினார். மூன்றிலும் ஐரீன் பாப்பாஸ் உண்டு. மூன்றிலும் வெவ்வேறு பெண்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். டிராய் நகரத்துக்குப் படையெடுக்கக் காத்திருக்கும் கப்பல்களுக்குக் காற்று இல்லை. தெய்வத்துக்கு மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தால் காற்று வரும் என்கிறார்கள். திருமணம் என்று பொய் சொல்லி மகளை வரவழைக்கிறான் அகமெம்னன். அந்தப் போருக்கே காரணமாகச் சொல்லப்படும் ஹெலன், அவன் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ராவின் சகோதரி. போர் முடிந்து திரும்பும் கணவனைக் கிளைட்டம்னெஸ்ட்ரா கொல்கிறாள். தந்தையைக் கொன்ற தாயை, எஞ்சிய மகள் எலெக்ட்ராவும் மகன் ஒரெஸ்டஸும் பழிவாங்குகிறார்கள்.

முதலில் வந்தது 'எலெக்ட்ரா', 1962இல். கிரீஸின் வறண்ட நிலத்திலேயே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இசை மிகிஸ் தியோடொராகிஸ். கேன்ஸ் விழாவில் பரிசு பெற்றது. அரண்மனையிலிருந்து விரட்டப்பட்டு ஏழை உழவனுக்கு மனைவியாக்கப்பட்ட எலெக்ட்ராவாக, ஒட்ட நறுக்கிய தலைமுடியோடு வருகிறார். அம்மாமீது அவளுக்கு இருக்கும் கோபத்தில் துளியும் ஈரம் கிடையாது.

அதன்பின் நாடு மாறியது. 1967 ஏப்ரல் 21 அன்று ராணுவத் தளபதிகள் கிரீஸில் ஆட்சியைப் பிடித்தார்கள். பாப்பாஸ் அவர்களை வெளிப்படையாக எதிர்த்தார். அந்த ஆட்சியோடு யாரும் கலைத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்தார். 1969இல் கோஸ்டா காவ்ராஸ் இயக்கிய 'இஸட்', கிரேக்க எம்.பி. லம்பிராகிஸ் 1963இல் கொலையுண்டதைப் பற்றிய படம். கிரீஸில் எடுக்க முடியாததால் அல்ஜீரியாவில், பிரெஞ்சு மொழியில் எடுத்தார்கள். கொலையுண்டவரின் மனைவியாக வந்தவர் பாப்பாஸ். அதிலும் பேச்சு குறைவு. சொந்த நாட்டின் துயரத்தை வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள்.

இரண்டாவது யூரிப்பிடிஸ் படமும் அப்படித்தான். காக்கோயானிஸும் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். 'தி ட்ரோஜன் விமென்' 1971இல் ஸ்பெயினில், ஆங்கிலத்தில் உருவானது. கேத்தரின் ஹெப்பர்ன், வனெஸ்ஸா ரெட்கிரேவ் போன்றோர் நடுவில் பாப்பாஸ் ஹெலனாக வந்தார். மரச்சட்டங்களின் இடைவெளியில் முதலில் கண்கள் மட்டும் தெரிகின்றன. வெளியே நகரத்தை இழந்த பெண்கள் தாகத்தில் தவிக்கும்போது, கிடைத்த நீரில் அவள் உடல் கழுவுகிறாள். அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அவரைச் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தது.

1974இல் ராணுவ ஆட்சி விழுந்தது. மூன்றாவது படமான 'இஃபிஜீனியா' 1977இல் மறுபடி கிரேக்க மொழியில், கிரேக்க மண்ணில். இந்தமுறை அவர் கிளைட்டம்னெஸ்ட்ரா. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மகளாக நின்று எந்தத் தாயை வெறுத்தாரோ, அந்தத் தாய். மகளுக்குத் திருமணம் என்று மகிழ்ந்து வந்தவள், உண்மை தெரிந்ததும் கணவன் முன்னால் நின்று பேசும் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பலமுறை பார்க்கலாம். இங்கேதான் அவருக்கு வேண்டிய அளவு வசனம் கிடைக்கிறது, அதுவும் தாய்மொழியில். அத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த குரல் முழுவதும் வெளியே வருகிறது.

அரபு உலகிலும் அவருக்கு இடம் உண்டு. முஸ்தஃபா அக்காத் 'தி மெஸேஜ்' படத்தை மொராக்கோவிலும் லிபியாவிலும் ஆங்கிலத்திலும் அரபியிலும் சேர்த்தே எடுத்தார். ஆங்கிலத்தில் பாப்பாஸ் ஹிந்தாக நடித்த காட்சியை, அதே அரங்கில் சிரிய நடிகை முனா வாஸிஃப் அரபியில் நடிப்பார். ஒரே பாத்திரத்தை இரண்டு பெரிய நடிகைகள் அடுத்தடுத்து நின்று செய்த அந்தப் படப்பிடிப்பை நேரில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பிறகு, இத்தாலிய ஆதிக்கத்தை எதிர்த்த உமர் முக்தாரின் கதையான 'லயன் ஆஃப் தி டெசர்ட்' படத்திலும் நடித்தார். இத்தாலி அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் திரையிட விடவில்லை. கார்ஸியா மார்க்கேஸ் எழுதிய 'எரெந்திரா'வில் பேத்தியைக் கொடுமைப்படுத்தும் பாட்டியாகவும் வந்தார். இசையமைப்பாளர் வாங்கலிஸுடன் சேர்ந்து கிரேக்க நாட்டுப்பாடல்களைப் பாடிய 'ஓட்ஸ்' என்ற 1979ஆம் ஆண்டு இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள்.

அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று, 2003இல் போர்ச்சுகல் இயக்குநர் மனோயல் த ஒலிவேரா எடுத்த 'எ டாக்கிங் பிக்சர்'. லிஸ்பனிலிருந்து மும்பையை நோக்கி வரும் கப்பலில் நடக்கிறது கதை. இரவு உணவு மேசையில் அவர் கிரேக்கத்திலும், கேத்தரின் தெனெவ் பிரெஞ்சிலும், ஸ்டெஃபானியா சாண்ட்ரெல்லி இத்தாலியனிலும், ஜான் மல்கோவிச் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். எல்லோருக்கும் எல்லாம் புரிகிறது. பிற நாடுகளில் எத்தனையோ முறை பிற மொழிகளைச் சுமந்தவர், அங்கே தன் மொழியிலேயே பேசி, தன் மொழியிலேயே ஒரு பாட்டும் பாடுகிறார்.

ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. 'எலெக்ட்ரா', 'இஸட்', 'இஃபிஜீனியா' எல்லாம் அந்தப் பட்டியலில் இடம்பெற்ற படங்கள் என்பதால் இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. வெனிஸ் பியென்னாலே கலை அமைப்பு 2009இல் வாழ்நாள் சாதனைக்காகத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது. கடைசி ஆண்டுகளில் மறதி நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. 2022 செப்டம்பர் 14இல் மறைந்தார். ஹிலியோமோதி மண்ணில்தான் அடக்கம் செய்தார்கள்.

அந்த மூன்று யூரிப்பிடிஸ் படங்களையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதை வரிசைப்படி இஃபிஜீனியாவிலிருந்து தொடங்காதீர்கள். அவர் நடித்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் எலெக்ட்ராவின் பக்கம் நின்று அந்தத் தாயை வெறுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவளைச் சந்தியுங்கள். பார்த்து முடித்ததும், இந்தக் குடும்பத்தில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு எழுதுங்கள். கடிதங்களுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்