பிள்ளையோடு போங்கள்

கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லாத நண்பர் வீட்டுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா, கூடாதா? எட்டு மாதமாக எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஓடியது. மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் வீட்டிலும் இது உண்டு என்பது எனக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த நண்பர் எனக்குப் பள்ளித் தோழர். திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். எனக்கு முன்னால் மும்பைக்கு வந்தவர். தாராவியில் ஆறு பேர் படுத்த பத்துக்குப் பத்து அறையில் ஏழாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டவர். முதல் சம்பளம் வருகிறவரை என் மெஸ் பணத்தையும் அவரே கட்டினார். பின்னால் என் தங்கை கல்யாணத்துக்குப் பணம் போதாமல் நின்றபோது அவர் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. மீட்டுக் கொடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த அம்மாள் ஒரு நாள்கூட வாய் திறந்து கேட்டதில்லை.

அப்படிப்பட்டவரை என் மனைவியின் வளைகாப்புக்கு நாங்கள் அழைக்கவில்லை. பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா வேண்டாம் என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பையன் பிறந்ததைப் போனில் சொன்னேன். பெயர் வைத்ததையும் சொன்னேன், எல்லாம் முடிந்த பிறகு. நண்பர் வரவில்லை. தெரிந்தவர் கையில் வெள்ளி அரைஞாண் கொடி ஒன்று கொடுத்தனுப்பினார்.

"பாத்தியா, அவுகளே வரல. அவுகளுக்கே தெரியுது" என்றார் அம்மா.

என் அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. பக்கத்து அறைப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி எழுந்து கஷாயம் வைப்பார். ஆனால் "கண்ணு பட்டுரும்" என்பதில் மட்டும் அசைய மாட்டார். அவருக்கு அவருடைய அம்மா சொன்னது. அவரையாவது புரிந்துகொள்ளலாம். பட்டப்படிப்புப் படித்து, ஆபீசில் நாள் முழுவதும் கணக்குப் பார்த்துவிட்டு வருகிற நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? "அவர்கள் மனசு நோகக்கூடாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவோடு சண்டை போடப் பயந்தேன் என்பதுதான் நிஜம்.

கடைசியில் கிளம்பச் சொன்னவள் என் மனைவி. மெகா பிளாக் தொடங்குவதற்குள் போய்விடலாம் என்று ஒரு ஞாயிறு காலையில் சயானில் டோம்பிவிலி லோக்கல் ஏறினோம். அவளும் பிள்ளையும் லேடீஸ் பெட்டியில், நான் ஜெனரல் பெட்டியில். முதல் நாள் போனில் நண்பரிடம் மறைக்காமலே கேட்டேன்: "பையனையும் தூக்கிட்டு வரலாமால?" சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "இதெல்லாம் ஒரு கேள்வியால?" என்றார்.

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பரின் மனைவி காபி கொடுத்தார், பலகாரம் கொடுத்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் கிட்டே வரவில்லை. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். எத்தனை வீட்டில் கையை நீட்டி, அந்தக் கை வெறுமனே திரும்பியிருந்தால் ஒரு மனுஷி அப்படி நிற்பார்! என் மனைவி எழுந்துபோய், "பிடிங்க மதினி, எனக்குக் கை வலிக்கு" என்று பிள்ளையை அவர் கையில் போட்டாள். பையன் ஐந்தே நிமிஷத்தில் புடவையை நனைத்துவிட்டான். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் எல்லாரும் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

"நாங்க வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் அண்ணாச்சி வரல" என்றார் அந்த அம்மாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஊரிலாவது அண்ணன் பிள்ளை, அக்காள் பிள்ளை என்று வீட்டுக்குள் நாலு பிள்ளைகள் ஓடும். இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? கூடப் படித்தவர், ஒரே அறையில் இருந்தவர், இவர்கள்தான் சொந்தம். அந்த வாசலையும் நாமே சாத்தினால் அவர்கள் எங்கே போவார்கள்?

இந்தக் குறை ஊரில் இல்லாத அதிசயமும் அல்ல. உலகத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. காரணம் ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆனால் வளைகாப்பில் ஒதுக்கப்படுவது பெண் மட்டும். புருஷனை யாராவது எந்தப் பந்தியிலாவது தள்ளி உட்காரச் சொன்னதுண்டா?

இன்னொரு கூட்டம் உண்டு. ஒதுக்கமாட்டார்கள்; "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டே கொல்வார்கள். திருக்கருகாவூர் போ, ராமேஸ்வரம் போ, இந்த டாக்டரைப் பார் என்பார்கள். 1986-லேயே பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த நகரம் இது. ஒன்பது வருஷம் அலைந்தவர்களுக்கு நாம் சொல்லித்தான் டாக்டர் முகவரி தெரியவேண்டுமா? போனால் பழைய கதை பேசுங்கள், சாப்பிடுங்கள், வாருங்கள்.

சிலருக்குக் குழந்தையைப் பார்த்தாலே துக்கம் பொங்கும் என்பதும் உண்மைதான். எனக்குத் தெரிந்த ஒருவர், "இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சரி என்று இருந்துவிட வேண்டும், கோபிக்கக்கூடாது. ஆனால் அதை அவர்கள் சொல்லவேண்டும். அவர்களைக் கேட்காமல் நாமாகத் தீர்ப்பு எழுதி, அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்கிறோமே, அது எந்த ஊர் நியாயம்?

அன்று சாயங்காலம் வீடு திரும்பினோம். அம்மா எதுவும் கேட்கவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு சுற்றிப்போட வந்தார். நான் தடுக்கப் போனேன். மனைவி என்னைக் கண்ணால் அடக்கிவிட்டு, "நல்லாச் சுத்திப் போடுங்க அத்தை. ரயில்ல எம்புட்டுப் பேரு பாத்தாக!" என்றாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அம்மா மனம் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் நண்பரும் அவர் மனைவியும் அடுத்த மாதம் வருகிறார்கள் என்றதும், "சொதி வைக்கணும், தேங்கா ரெண்டு சேத்து வாங்கிட்டு வா" என்றார். மெகா பிளாக் இல்லாத ஞாயிறாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு ஞாயிறு கிடைக்கவேண்டுமே!